முதுமை மனச்சோர்வும் மூளையின் ரத்தக் குழாய்களும்

"வயசாச்சு, அப்படித்தான்"

சாப்பாட்டில் நாட்டமில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, கோயிலுக்குப் போவதும் நின்றுவிட்டது. கேட்டால் "உடம்பு அசதி" என்று மட்டும் பதில் வருகிறது. எழுபதைத் தாண்டியவர் இப்படி ஆகும்போது வீட்டார் வயதின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். நோய் அங்கேயே மறைந்துபோகிறது. 2017-18இல் இந்தியா முழுவதும் நடந்த முதியோர் ஆய்வில், அறிகுறிகளைக் கேட்டு மதிப்பிட்டபோது அறுபதும் அதற்கு மேலும் வயதுள்ளவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று தெரிந்தது. ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டதாகச் சொன்னவர்களோ 0.8 சதவீதம்தான். முதியவர்கள் பலர் துக்கம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. மூட்டுவலி, தூக்கமின்மை, பசியின்மை என்றே சொல்கிறார்கள். மருந்துச் சீட்டும் அவற்றுக்கு மட்டுமே எழுதப்படுகிறது.

வெள்ளைத் திட்டுகள்

மூளையின் உட்புறத்தில் நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடும் பகுதி வெண்பொருள். திட்டமிடும் முன்மடலுக்கும், ஊக்கத்தையும் உணர்ச்சியையும் ஆளும் ஆழ்பகுதிகளுக்கும் இடையே சேதி போவது இந்த இழைகள் வழியாகத்தான். பல ஆண்டு ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரைத் தடிக்க வைக்கும்போது, இழைகளுக்கு ரத்தம் குறைகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடங்கள் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். முதுமையில்தான் முதன்முதலாக மனச்சோர்வு வந்தவர்களிடம் இவை கூடுதலாகக் காணப்படுகின்றன. 1997இல் ஜார்ஜ் அலெக்சோபோலஸ் குழுவினர் 'ரத்தக்குழாய்வழி மனச்சோர்வு' என்ற கருத்தை முன்வைத்ததும் இப்படிப்பட்ட சான்றுகளைக் கொண்டுதான். இவ்வகைச் சோர்வில் அழுகையைவிட மந்தமே மேலோங்கி நிற்கும். எழுந்து ஒரு வேலையைத் தொடங்குவதே மலையாகிவிடும். அதைச் சோம்பல் என்று வைவது பெருங்கொடுமை.

திட்டுகள் இருந்தும் மனம் தெளிவாக இருக்கும் முதியவர்கள் ஏராளமாக இருக்கிறார்களே என்று கேட்கலாம். கேள்வி சரியானது. திட்டு மட்டுமே நோயை உண்டாக்குவதில்லை. தாங்கும் திறனைக் குறைக்கிறது. துணையை இழப்பது, தனிமை, காது மந்தம் ஆகியவை அந்த நிலையில் கூடுதலாக அழுத்துகின்றன.

மறதியின் முன்னறிவிப்பா?

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை 28 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. நடுவயதில் இருந்த மனச்சோர்வு அறிகுறிகளுக்கும் பின்னாளில் வந்த மறதிநோய்க்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. மறதிநோய் வந்தவர்களிடம், அது வெளிப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே சோர்வு கூடிவந்தது தெரிந்தது. ஆக, சிலருக்குச் சோர்வே மறதிநோயின் முதல் அடி. ஆனால் 2023இல் வந்த டென்மார்க் ஆய்வு, இளமையிலும் நடுவயதிலும் கண்டறியப்பட்ட மனச்சோர்வும் மறதிநோய் அபாயத்தோடு சேர்ந்தே வருவதாகக் காட்டியது. இரண்டு வழிகளுமே இருக்கலாம் என்பதே என் கணிப்பு. எதுவானாலும், அறுபதுக்கு மேல் புதிதாகச் சோர்வு வந்தால் நினைவாற்றல், ரத்த அழுத்தம், தைராய்டு, பி12 ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். மறதி என்று வருபவரிடம் மனநிலையையும் கேட்க வேண்டும். சோர்வால் மங்கிய நினைவு சிகிச்சையில் தெளிவது உண்டு.

மூளையே பழுதானால் மருந்து எதற்கு?

இந்த அவநம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. முன்மடல் திறன் குறைந்த முதியவர்களுக்கு மாத்திரை மெதுவாகவே வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் வழி மாத்திரை ஒன்றுதான் என்றில்லை. அப்படிப்பட்ட 221 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. அன்றாடச் சிக்கல் ஒன்றை எடுத்து, சிறு படிகளாகப் பிரித்துத் தீர்க்கப் பழக்கும் சிகிச்சை, ஆதரவாகப் பேசும் சிகிச்சையைவிடக் கூடுதல் பேரைத் தேற்றியது. அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்விலோ, மேல் ரத்த அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம், 140 வரை விட்டவர்களைவிட வெள்ளைத் திட்டுகள் மெதுவாகவே வளர்ந்தன. எல்லோருக்கும் 120 பொருந்தாது. எழுந்தவுடன் தலைசுற்றி விழுபவருக்கு அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகளும் முதுமையில் சோடியத்தைக் குறைக்கக்கூடும் என்பதால், குறைந்த அளவில் தொடங்குவதும் ரத்தத்தைப் பரிசோதிப்பதும் அவசியம்.

அடுத்த முறை பி.பி. பார்க்க அழைத்துப் போகும்போது, இரண்டு வாரமாக எதிலும் ஈடுபாடு இல்லையா, மனம் வாடிக் கிடக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் மருத்துவர் முன்னிலையில் கேளுங்கள். வீட்டிலிருந்தே பேசத் தொடங்க, அரசின் டெலி மானஸ் எண் 14416 இலவசமாகத் தமிழிலும் கிடைக்கிறது.