மே 22: முடி போனது, பிடி போனதா?

மே 22 என்ன நாள் என்று தரம் 11 வகுப்பில் கேட்டேன். பெப்ரவரி 4 எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மே 22 ஒருவருக்கும் தெரியவில்லை. 1972ஆம் ஆண்டு அந்த நாளில்தான் இலங்கை குடியரசானது என்றேன். அன்றிலிருந்து இந்த நாட்டின் உரிமையாளர் இங்கிலாந்து இராணியல்ல, மக்கள்தான் என்று விளக்கினேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"அப்படியெண்டா சேர், எங்கட மையத்த ஏன் எரிச்சாங்க? நாங்க மக்கள் இல்லையா?"

அந்தப் பாடவேளைக்குள் அவனுக்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. புதிய அரசியலமைப்பு பற்றி மீண்டும் பேசப்படும் இக்காலத்தில், மாற்றம் வேண்டும் என்று கூடிப் பேசும் எமது இளைஞர்களும் அந்தப் பதிலை அறிந்திருக்க வேண்டும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

1948இல் எமக்குக் கிடைத்தது டொமினியன் அந்தஸ்து. அரச தலைவராகப் பிரித்தானிய மன்னரே இருந்தார். அவர் சார்பில் மகாதேசாதிபதி இங்கு இருந்தார். இறுதி மேன்முறையீடு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. ஆனால் மன்னராட்சியின் நிழலே வேண்டாம் என்ற குரல் அதற்கு முன்பே இளைஞர்களிடமிருந்து எழுந்துவிட்டது.

டொனமூர் யாப்பு முழுச் சுதந்திரம் தரவில்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு தொகுதிகளில் வேட்புமனுவே தாக்கல் செய்யப்படவில்லை. தெற்கில் இளைஞர்கள் கையில் எடுத்தது ஒரு பூவை. உலகப் போர் நினைவுநாளான நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்கப்படும். சேரும் பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போய்விடும். அதற்குப் பதிலாக அதே நாளில், அதே வீதிகளில் 'சூரிய மல்' விற்றார்கள். சூரிய மல் என்பது வேறொன்றுமல்ல, எமது வேலியோரங்களில் நிற்கும் பூவரசின் பூதான். 1933இல் தென் கொழும்பு இளைஞர் லீக் இதனைப் பொறுப்பேற்றது. முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் டொரீன் விக்ரமசிங்க. இங்கிலாந்தில் பிறந்த அவர் ஓர் ஆசிரியை.

சட்டையில் ஒரு பூவைக் குத்துவது யாருக்கும் கஷ்டமில்லை. ஆனால் குத்தியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது வீதி முழுக்கத் தெரிந்துவிடும். பிரசாரத்தோடு அவர்கள் நிற்கவுமில்லை. 1934-35இல் மலேரியா பல்லாயிரம் உயிர்களைப் பறித்தபோது கிராமம் கிராமமாக நிவாரணப் பணி செய்தார்கள். இந்த இளைஞர் வட்டத்திலிருந்தே 1935 டிசெம்பர் 18இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அதன் முதல் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா.

அதே கொல்வின் 1970இல் அரசியலமைப்பு விவகார அமைச்சரானார். அவ்வாண்டு ஜூலை 19இல் கொழும்பு நவரங்கஹலவில் கூடிய அரசியல் நிர்ணய சபை, 1972 மே 22இல் குடியரசு யாப்பை நிறைவேற்றியது. இளமைக் கனவு கைகூடியது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் முடியோடு சேர்த்து வேறொன்றும் போனது. சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமாகவோ சலுகையாகவோ சட்டம் இயற்றப் பாராளுமன்றத்துக்குத் தடை விதித்திருந்தது. புதிய யாப்பில் அப்பிரிவு இல்லை. அடிப்படை உரிமைகள் அத்தியாயம் சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆனால் அவ்வுரிமைகள் பரந்த கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருந்தன. பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு மட்டும் அரச கரும மொழி அந்தஸ்தும் யாப்பிலேயே எழுதப்பட்டன. ஒரே மொழி என்றால் நாடு இரண்டாகும் என்று 1956இல் எச்சரித்தவரும் இதே கொல்வின்தான். மொழி தொடர்பான திருத்தம் நிராகரிக்கப்பட்டதால் தமிழரசுக் கட்சி 1971 ஜூனில் சபையை விட்டு வெளியேறியிருந்தது.

29(2) இரும்பு வேலியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. அது இருக்கும்போதே 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1956இல் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. ஆனாலும் பழுதான பிரேக்கைத் திருத்துவது வேறு, கழற்றி எறிவது வேறு. 1978 யாப்பு வந்தபோது, பெயருக்கு இருந்த ஜனாதிபதி பதவி மன்னரையும் மிஞ்சிய நிறைவேற்று அதிகாரத்தைப் பெற்றது. முடி போயிற்று, பிடி இறுகிற்று.

மாணவனின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரலில் ஒரு வர்த்தமானி அறிவித்தல் எமது ஜனாஸாக்களை நெருப்பில் இடப் போதுமானதாக இருந்தது. உயர் நீதிமன்றம் சென்ற மனுக்கள் அவ்வாண்டு டிசெம்பரில் விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளுபடியாயின. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. எரிந்தது எரிந்ததுதான்.

2022இல் காலிமுகத்திடலில் கூடிய இளைஞர்கள் ஒரு ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதவி அப்படியே இருந்தது. 'யார் போக வேண்டும்' என்ற கேள்விக்குக் கூட்டம் எளிதில் சேரும். 'போன பிறகு அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவது எது' என்ற கேள்விக்கு இருந்து வாசிக்க வேண்டும். ஆகவே எமது இளைஞர் கழகங்களிடம் எனது வேண்டுகோள் சிறியது. பதாகை அடிக்க முன்னர், தற்போதைய யாப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தைத் தமிழில் எடுத்து ஒன்றாக இருந்து வாசியுங்கள். பக்கத்து ஊர்த் தமிழ் இளைஞர்களையும் அம்பாறை நகரின் சிங்கள இளைஞர்களையும் அழையுங்கள்.

அப்போது ஒரு கசப்பான கேள்வி எம்மிடமும் வரும். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை சென்ற பேரணி, எமது ஜனாஸா உரிமையையும் தன் கோரிக்கைகளில் ஒன்றாக ஏந்திச் சென்றது. கல்முனையில் நாம் பெரும்பான்மை. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விடயத்தைப் பேசும்போது, நாட்டின் பெரும்பான்மையிடம் நாம் கேட்கும் அதே நீதியை எமது அயலவருக்குக் கொடுக்க நாம் தயாரா? அந்த விடயத்தில் யாருடைய வாதம் சரி என்று இங்கு தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசினால், எம்மை எரித்த தர்க்கத்தையே நாமும் பேசியவர்களாவோம்.

அடுத்த வாரம் அந்த மாணவனிடம் சொன்னேன்: "நாங்களும் மக்கள்தான் மகன். ஆனா அத யாப்பில எழுதுற நேரம் எங்கட ஆக்களும் அந்த மேசையில இருக்கணும். எங்களுக்காக மட்டுமில்ல, எல்லாருக்காகவும் கேக்கணும்."