பனியன் மெஷின் போடாத சடை

திருப்பூர் பனியன் ஒன்றை எடுத்து, போன் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். வெளிப்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி 'வி' வடிவங்கள், உள்பக்கம் சின்னச் சின்ன அலைகள். ஊட்டியில் வாங்கிய கைப்பின்னல் சாக்ஸைப் பார்த்தாலும் அதேதான். இரண்டும் ஒரே கண்ணி.

சொல்லப்போனால், பின்னல் மெஷின் பிறந்ததே சாக்ஸுக்காகத்தான். 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் கருவியை உருவாக்கினார். கையால் பின்னிப் பிழைப்பவர்கள் பிச்சை எடுக்க வேண்டி வருமே என்று முதலாம் எலிசபெத் ராணி காப்புரிமை தர மறுத்ததாக ஒரு கதை உண்டு. மனம் வெறுத்து லீ பிரான்சுக்குப் போய்விட்டார். அவர் கருவியின் வாரிசுகள்தான் இன்று திருப்பூரில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுகின்றன.

ஆனால், பனியன் துணி ஓட்டும் அந்த வட்ட மெஷினுக்கு ஒரு வேலை வராது. சாக்ஸில் தலைச்சடை போல முறுக்கிக்கொண்டு இறங்குமே, 'கேபிள்' டிசைன், அதுதான்! 30 இன்ச் டயா, 24 கேஜ் மெஷினில் 2,200-க்கும் மேல் ஊசிகள். ஒவ்வொன்றும் தன் பள்ளத்துக்குள் மேலும் கீழும் மட்டுமே போகும். பக்கத்து ஊசியோடு இடம் மாறாது. கேபிளுக்கோ கண்ணிகள் இடம் மாற வேண்டும். லூதியானா ஸ்வெட்டர் தொழிலில் ஓடும் தட்டை மெஷின்களில், கண்ணியை ஓர் ஊசியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதி இருப்பதால் அங்கே அது நடக்கும்.

கையில் இது ரொம்ப சுலபம். 6 கண்ணி கேபிள் என்றால், முதல் 3 கண்ணிகளைத் தனியாக ஒரு குட்டி ஊசியில் எடுத்து முன்பக்கம் நிறுத்துங்கள். அடுத்த 3-ஐப் பின்னுங்கள். பிறகு நிறுத்திவைத்த 3-ஐப் பின்னுங்கள். சடை இடதுபக்கம் சாயும். பின்பக்கம் நிறுத்தினால் வலதுபக்கம். 6 வரிசைக்கு ஒருமுறை இப்படி மாற்றினால் போதும். இருபுறமும் 2 கண்ணிகளை 'பர்ல்' ஆகப் போட்டால் சடை எடுப்பாக நிற்கும்.

சிக்கல் வேறு இடத்தில். கண்ணிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால் துணி சுருங்கும், இழுபடவும் செய்யாது. அழகாகப் பின்னி முடித்த சாக்ஸ் குதிகாலைத் தாண்டாமல் நிற்பது இதனால்தான். 2.5 மி.மீ. ஊசியில் சாதாரண சாக்ஸுக்கு 64 கண்ணி என்றால், 6 கண்ணி கேபிள் ஒவ்வொன்றுக்கும் 2 கண்ணி கூட்டுங்கள். முன்பக்கம் இரண்டு சடை என்றால் 68. ஐந்து சென்டிமீட்டர் வந்ததும் கண்ணிகளை ஒரு நூலில் கோத்து, குதிகால் நுழைகிறதா என்று போட்டுப் பார்த்துவிடுங்கள். முழுக்கப் பிரிப்பதைவிட அந்தப் பத்து நிமிடம் மேல்!

பனியன் நூல் மிச்சமிருக்கிறதே என்று அதில் தொடங்க வேண்டாம். மெல்லியது; தவிர, பருத்தி நீண்டால் பழையபடி சுருங்காது. 75 சதவிகிதம் கம்பளி, 25 சதவிகிதம் நைலான் கலந்த சாக்ஸ் நூல்தான் இதற்குச் சரி. கொங்கு வெயிலுக்குக் கம்பளியா என்கிறீர்களா? கொடைக்கானல் டூருக்கும் ஏசி அறைக்கும் ஆகும்.

உள்ளங்காலில் மட்டும் சடை வேண்டாம், மிதிக்கும்போது உறுத்தும். ஒரு காலுக்கு முன்பக்கம் நிறுத்தியும் மறுகாலுக்குப் பின்பக்கம் நிறுத்தியும் பின்னுங்கள். இரண்டு சடைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும்.