மோட்டார் வண்டியைத் தாங்கும் காற்று

தென் டில்லியில் ரிங் ரோட்டை ஒட்டியுள்ள மோதி பாக் பகுதியில் நிற்பவர் இருவகை ஊர்திகளை ஒருங்கே காணலாம். மேலே, தூண்கள் தாங்கிய பாதையில் மெட்ரோ ரயில் செல்கின்றது. சர் விசுவேசுவரய்யா மோதி பாக் நிலையம் அமைந்த அப்பாதை 2018 ஆகஸ்ட் 6இல் திறக்கப்பட்டது. கீழே, சாலையில் கார்கள் நெருங்கிச் செல்கின்றன. ரயிற்பெட்டியின் உடலைத் தாங்குவது ரப்பர்ப் பையில் அடைக்கப்பட்ட காற்று. கார்களில் மிகப் பலவற்றைத் தாங்குவதோ உருக்குச் சுருள்வில். அந்த வில்லை எடுத்துவிட்டுக் காரிலும் காற்றைப் பொருத்தும் விருப்பம் வண்டி உரிமையாளர் சிலரிடையே காணப்படுகின்றது. அம்மாற்றத்தினால் வருவது யாது, அதற்குரிய விலை யாது என்பவற்றை அறிந்து கொள்வது நன்று.

தொழிற்கூடங்களில் ‘காயில் ஓவர்’ என வழங்கும் அமைப்பில், ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வுத் தணிப்பானைச் சுற்றிச் சுருள்வில் அமர்ந்திருக்கும். பாரத்தைச் சுமப்பது வில். ஆட்டத்தை அடக்குவது தணிப்பான். இவ்விரு வேலைகளையும் ஒன்றாகக் கருதிவிடுதல் பொதுவான பிழையாகும்.

ஒரு சக்கரத்தின்மேல் 350 கிலோகிராம் பாரம் நேராக அமர்வதாகவும், வில்லை ஒரு சென்டிமீட்டர் அமுக்க 25 கிலோகிராம் வேண்டுவதாகவும் கொள்வோம். வில் 14 சென்டிமீட்டர் அமுங்கும். வண்டியைத் தட்டிவிட்டால் அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 80 முறை மேலும் கீழுமாக ஆடும். ஆட்களும் மூட்டைகளும் ஏறி அப்பாரம் 450 கிலோகிராம் ஆனால், வண்டி இன்னும் 4 சென்டிமீட்டர் தாழ்கிறது. ஆட்டமும் 70 ஆகக் குறைகின்றது. வெறும் வண்டிக்கு ஏற்ற வில் நிறை வண்டிக்குத் தளர்ச்சி. நிறை வண்டிக்கு ஏற்றது வெறும் வண்டியில் இருப்பவரைக் குலுக்கும். உருக்கு வில்லைக் கொண்டு இத்தொல்லையை முழுதும் நீக்க இயலாது.

இப்போது வில்லுக்குப் பதிலாக, 100 சதுர சென்டிமீட்டர் பயனுறு பரப்பும் இரண்டரை லிட்டர் கொள்ளளவும் உள்ள காற்றுப் பையை வைப்போம். 350 கிலோகிராமைத் தாங்க, வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோகிராம் அழுத்தம் வேண்டும். பாரம் 450 ஆனதும் இன்னும் சிறிது காற்றைச் செலுத்தி அழுத்தத்தை 4.5 ஆக்கினால் வண்டி பழைய உயரத்திலேயே நிற்கும். அழுத்தம் ஏறும்போது பையின் விறைப்பும் உடன் ஏறுவதால், ஆட்டம் 80இலிருந்து 78 ஆக மட்டுமே மாறும். பாரத்திற்கேற்பத் தன்னைத் தானே விறைத்துக்கொள்ளும் இக்குணம் உருக்கு வில்லுக்கு இல்லை.

வகுப்பில் இதனைக் காட்ட ஆசிரியருக்கு ஒரு சைக்கிள் பம்பு போதும். வாயை விரலால் அடைத்துக் கைப்பிடியை அழுத்தினால், முதலில் எளிதாக இறங்கி, பின்னர் மேலும் மேலும் எதிர்க்கும். கையை விட்டால் கைப்பிடி எழும்பும்.

ரயில்வே இதனை ஏற்றமைக்குத் தக்க காரணம் இருந்தது. சென்னைப் பெரம்பூரில் 1955இல் தொடங்கப்பட்ட இன்டக்ரல் கோச் பாக்டரி உருக்குச் சுருள்வில் அமைந்த பெட்டிகளையே நெடுங்காலம் கட்டி வந்தது. மும்பைப் புறநகர் வண்டிகளில் நெருக்கடி வேளையில் ஏறும் கூட்டத்தின் பாரம் அத்தகைய விற்களுக்கு மிகையாயிற்று. பெட்டியின் தரை பிளாட்பாரத்தின் மட்டத்தைவிட்டு விலகினால் ஏறி இறங்குவோரின் கால் இடறும். ஆகவே மேலடுக்கில் காற்று விற்கள் புகுந்தன. சக்கர அச்சுகளின் மேலுள்ள அடுக்கில் சுருள்விற்களே நீடித்தன. உயரம் மாறியதும் அதனை உணர்ந்து காற்றை விடவும் வாங்கவும் சமன்செய் வால்வுகள் உண்டு.

கார்களின் வரலாறு இத்தனை நேரானதன்று. அமெரிக்காவில் 1957இல் வெளிவந்த காடிலாக் எல்டொராடோ பிரம் நான்கு சக்கரங்களிலும் காற்று வில் கொண்டது. கசிவினால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கக் கண்டு சலித்த உரிமையாளர் பலர், காற்றை அகற்றிச் சுருள்வில்லையே மாட்டிக் கொண்டனர்! இன்றைய ரப்பரும் வால்வுகளும் அக்காலத்தவற்றினும் மேலானவை. எனினும் கசிவு என்னும் பகை ஒழிந்துவிடவில்லை.

மாற்றும் வேலையில் சுருள்வில் கழற்றப்பட்டு, தணிப்பானைச் சூழ்ந்து பை அமர்கிறது. அல்லது முழு உறுப்பும் மாற்றப்படுகின்றது. தணிப்பானைக் கைவிடலாகாது. காற்று நன்கு தாங்கும், ஆனால் ஆட்டத்தை அடக்காது. அஃதன்றி, பேட்டரியால் ஓடும் கம்ப்ரஸர், காற்றுத் தொட்டி, குழாய்கள், வால்வுகள், அழுத்தமானி, ஈரம் உறிஞ்சும் உலர்த்தி ஆகியன வேண்டும். மழைக்காலத்தில் டில்லிக் காற்றின் ஈரம் தொட்டியில் நீராகத் தேங்கி வால்வுகளைக் கெடுக்குமாதலால், உலர்த்தியைச் சிக்கனம் கருதி விட்டுவிடுதல் தகாது. பை எந்நிலையிலும் டயரில் உராயக்கூடாது. குழாய் புகைபோக்கியை அணுகக்கூடாது. ஒரு நுட்பத்தையும் குறிப்பிட வேண்டும். இடது, வலது பைகளைத் தடையின்றி ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் திரும்பும்போது அமுங்கும் பையின் காற்று மறுபக்கம் ஓடி, வண்டியை மேலும் சாய்த்துவிடும். ஒவ்வொரு சக்கரத்திற்கும் தனி வால்வு அமைவதன் காரணம் இதுவே.

உயரத்தை விரும்பியவாறு மாற்றலாம் என்பதே பலரைக் கவர்வது. இந்தியச் சாலைப் பேரவையின் தரப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும், 10 சென்டிமீட்டர் உயரமும், 17 மீட்டர் ஆரமும் உடையது. 2.5 மீட்டர் அச்சிடை கொண்ட கார் அதன் நடுவே நிற்கையில் சக்கரங்கள் உச்சியைவிட 4.6 சென்டிமீட்டரே தாழ்ந்திருக்கும்; மாணவர் வடிவியலால் சரிபார்க்கலாம். ஆனால் குடியிருப்புத் தெருக்களில் அவரவர் எண்ணப்படி எழுப்பிய குறுகிய மேடுகள் இக்கணக்கிற்கு அடங்கா. தாழ்த்திய கார் அங்கே அடிவயிற்றைத் தேய்த்துக்கொள்ளும்.

சட்டத்தையும் நோக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆதலின் பணம் செலவிடுமுன் பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிதல் முறையாகும்.

காற்றின்மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் எவரும் புகலாகாது. குழாய் ஒன்று கழன்றால் வண்டி நொடியில் தரையை நோக்கி இறங்கும். உடலின்கீழ் உறுதியான தாங்கிகளை நிறுத்திய பின்னரே, காற்றை வெளியேற்றி இணைப்பைக் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கலாம். மாலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கர வளைவுகள் நான்கின் உயரத்தையும் அளந்து, விடியலின் குளிரில் காற்று சிறிது சுருங்கும் என்பதை மனத்திற் கொண்டு, காலையில் மீண்டும் அளக்க வேண்டும். நான்கும் ஒருபடித்தாகச் சிறிது தாழ்ந்திருப்பின் குளிரே காரணமாகலாம். ஒன்று மட்டும் தாழ்ந்திருப்பின் அங்கே கசிவு உள்ளது.