புது வீட்டுச் சுவரில் பூஞ்சணமா?

மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்த கையோடு, வீட்டையும் அந்த நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டுமென்று ஓடுவது கிழக்கிலங்கைப் பெற்றோருக்குப் புதிதல்லவே, சகோதரிகளே! பூச்சு வேலை முடிந்த மறுவாரமே பெயின்ட் அடித்து, கட்டிலும் அலுமாரியும் இறக்கி, புதுத் தம்பதியைக் குடியேற்றி விடுகிறோம். மாரி தொடங்கியதும் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. அலுமாரியைத் திறந்தால் பூஞ்சண வாடை. கல்யாண சாரியின் மடிப்பிலும் கறை. உடனே மேசனைத் திட்டிக்கொண்டு இன்னொரு பூச்சு பெயின்ட் அடிக்கிறோம்.

சுவர் இன்னும் காயவில்லை என்பதை யாரும் நினைப்பதில்லை. 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றைக் குழைக்க ஏறத்தாழ 25 லீற்றர் தண்ணீர் செல்லும். சீமெந்து இறுகுவதற்கு அதில் பாதியளவே போதும். மீதியில் பெரும்பங்கு சுவர் வழியாக ஆவியாகித்தான் வெளியேற வேண்டும். உங்கள் வீட்டுக்கு எத்தனை பை சென்றது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் மேல் பெயின்ட் அடிப்பது, கொதிக்கும் பானையை மூடி வைப்பது போலத்தான்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தால் கொஞ்சம் தண்ணீர் தொட்டுப் பாருங்கள். கரைந்தால் அது உப்பு. கழுவாத கடல் மணல் கலந்திருக்கலாம். அதைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், கழுவாதீர்கள். கரையாமல், வாடையும் வீசினால் பூஞ்சணம்.

அடுத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது? ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். உட்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்: சோற்றுப்பானை ஆவி, உள்ளே காயப்போட்ட உடுப்பு, திறக்காத யன்னல். நிலத்திலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குப் பட்டையாக ஏறியிருந்தால் அத்திவாரத்தின் மேல் தார் பூசாமல் விட்டிருப்பார்கள். யன்னலைச் சுற்றியோ கூரைக்குக் கீழோ என்றால் ஒழுக்குத்தான். காரணத்தை அடைக்காமல் தேய்த்து என்ன பயன்?

தேய்க்கும்போது யன்னலைத் திறந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, உடனே காய விடுங்கள். உலர்ந்தபடி தேய்த்தால் அதன் நுண்வித்துக்கள் அறையெங்கும் பறக்கும். பிளீச்சையும் மலசலகூடம் கழுவும் அசிட்டையும் ஒன்றாக ஊற்றவே வேண்டாம், நச்சுவாயு கிளம்பும். பூஞ்சணம் ஊறிய மெத்தையைக் காப்பாற்ற முடியாது.

முட்டு, இழுப்பு உள்ள பிள்ளையை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமலும் இழுப்பும் கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் எடுத்துக் காட்டியுள்ளது.

அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். மழை விட்டதும் எதிரெதிர் யன்னல்களைத் திறவுங்கள். இனிக் கட்டப் போகிறவர்கள், பூசிய சுவரை 28 நாளாவது விடுங்கள். மாரியில் அதுவும் போதாது. முதல் வருடம் சுண்ணாம்பு மட்டும் அடித்தால் ஈரம் அதன் வழியே வெளியேறும். பிறகு அதைச் சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தால், பெயின்ட் அடுத்த கோடையில் என்று சொல்லிவிடுங்கள்.