மனை போடுகிறார்களா? மனுப் போடுங்கள்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. புதுச்சேரிப் பிரதேசத்துப் பாகூர்க்காரர்களுக்கு அது முதல் அடிதான். அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுக்க, சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கத்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அணை திறப்பு நம் கையில் இல்லை. ஆனால் வந்த தண்ணீர் எத்தனை நாளில் வடியும் என்பது உள்ளூர் வாய்க்கால்களைப் பொறுத்தது. எந்த வாய்க்கால் தூர்ந்தது, எந்த நஞ்சை மனையானது, எந்த ரோடு மேடானது என்பதெல்லாம் மழைக்கு வெகுநாள் முன்பே அலுவலகக் காகிதத்தில் முடிவாகிவிடுகின்றன. அந்தக் காகிதத்தில் ஊர்க்காரர் வாய் திறக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், நமக்காக வாய் திறக்க வேண்டிய ஆள் இல்லை. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2006-இல் நடந்தது, அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி குறித்தும், இடஒதுக்கீட்டுத் தகராறில் நின்றுபோனது. மன்ற உறுப்பினர் இல்லாத கொம்யூன் பஞ்சாயத்தை அதிகாரிகளே நடத்துகிறார்கள். நம் யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேக்காரர்கள் எல்லை தாண்டினால், 1996 முதல் மக்கள் திட்டம் போட்டுப் பழகிய கேரளத்து கிராம சபைகளைப் பார்க்கலாம். பொறாமையாகத்தான் இருக்கும்.

அதற்காக, கூடிப் பேசி முடிவெடுப்பது பாகூருக்குப் புதுப் பழக்கம் என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு 1999-இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகள் சீராயின. ஏரிக்கு ஒரு சங்கம்; அதில் விவசாயிகளோடு பெண்களும் நிலமில்லாதவர்களும் உறுப்பினர்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலுக்கும் கிராமங்கள் சேர்ந்து கூட்டமைப்பு வைத்துக்கொண்டன. தண்ணீருக்குச் சங்கம் வைக்கத் தெரிந்தவர்கள், மனைப்பிரிவு விஷயத்தில் மட்டும் தனித்தனியாக நின்று ஏமாறுவதுதான் எனக்குப் புரியவில்லை.

எந்த நிலம் குடியிருப்பு, எது விவசாயம், சாலை எங்கே என்று நகர அமைப்புக் குழுமம் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி திட்டம் போடுகிறது. இறுதியாக்கும் முன் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். கடைசித் தேதி அறிவிப்பிலேயே இருக்கும். அது கடந்துவிட்டால் மறியல் செய்தாலும் பலன் குறைவு. "எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனுவை அதிகாரி சுலபமாக ஓரமாக வைத்துவிடுவார். "இன்ன வருவாய்க் கிராமம், இன்ன சர்வே எண், செட்டில்மென்ட் பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு, வரைவு வரைபடத்தில் குடியிருப்பு எனக் காட்டியிருக்கிறீர்கள், திருத்துங்கள்" என்று எழுதி, பதிவேட்டு நகலையும் இணைத்தால் அவர் பதில் எழுதியாக வேண்டிய நிலை வரும். மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பின்னால் கோர்ட்டுக்குப் போனால் அந்த முத்திரைதான் பேசும்.

மனை வாங்குபவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று புரோக்கர் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மனைப்பிரிவுக்கு நகர அமைப்புக் குழுமத்தின் ஒப்புதல் எண்ணையும் வரைபடத்தையும் கேட்டு, அலுவலகத்தில் நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்றால் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) பதிவு தேவை. அந்தச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. சொன்னபடி ஒப்படைக்காவிட்டால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்டு ரெராவில் புகார் தரலாம்.

பூங்காவுக்கென்று வரைபடத்தில் விட்ட இடம் சில வருடத்தில் கட்டடமாவதையும் பார்க்கிறோம். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் நர்ஸிங் ஹோமுக்குக் கொடுத்தபோது அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். "உங்களுக்கென்ன சம்பந்தம்?" என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. சம்பந்தம் உண்டு, பூங்கா பூங்காவாகவே இருக்கட்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குளம், மந்தைவெளி போன்ற ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கிலும் உத்தரவிட்டது. இரண்டையும் வக்கீலிடம் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

அரசே நிலம் எடுக்க வந்தால் கதை வேறு. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, பூர்வாங்க அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் தர வேண்டும். தனியார் கம்பெனிக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் தேவை, அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம்.

ஃபைலில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு அதே துறையின் மேலதிகாரிக்கு. அதிலும் பலனில்லை என்றால் இரண்டாவது டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்கு. புதுச்சேரிக்குத் தனி ஆணையம் கிடையாது, சென்னைக்கு அனுப்பி மாதங்களை வீணாக்காதீர்கள். வக்கீல் செலவுக்குப் பயமென்றால் சட்டப்பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணுக்குப் பேசலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். அதனால் தெருவில் மனுவை யார் பெயரில் போடுவது என்று பேச்சு வந்தால், வீட்டுப் பெண்கள் பெயரில் போடுங்கள்.