வசூல் இல்லை என்று தண்டவாளத்தையே பெயர்த்தார்கள்!

மாரண்டஹள்ளி:

பஞ்ச காலத்தில் தானியம் கொண்டு வரப் போட்ட ரெயில் பாதை. டிக்கெட் வசூல் போதவில்லை என்று அதை மூடி, இரும்பையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நடந்தது 1941-ல்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தாது வருஷம்

1876 முதல் 1878 வரை கொடிய பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்பது இதைத்தான். அப்போது இந்தப் பகுதி சேலம் ஜில்லாவில் இருந்தது. ஜில்லாவே பலமாக அடிபட்டது. வெள்ளைக்கார ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டதாகக் கணக்கு.

பக்கத்து மொரப்பூர் வழியாகச் சென்னை ரெயில் அப்போதே ஓடியது. அதைப் போட்டது தனியார் கம்பெனி. சும்மா போடவில்லை. போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டிக்குச் சர்க்கார் ஜாமீன் நின்ற பிறகுதான் பணப்பெட்டியைத் திறந்தார்கள். வருமானம் குறைந்தால் ஜனங்களின் வரிப்பணம்!

மெயின் லைனுக்கே இந்தக் கதை. தர்மபுரி கரட்டு மேட்டுக்கு யார் முதல் போடுவார்கள்?

பஞ்ச ரெயில்

1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. லாபத்துக்குப் போடும் பாதை வேறு, ஜனங்களைக் காக்கப் போடும் பாதை வேறு என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது.

அந்தக் கணக்கில்தான் 1905-ல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, 1906-ல் மொரப்பூர்–தர்மபுரி பாதைகள் வந்தன. இரண்டரை அடி அகலக் குட்டி ரெயில். 1913-ல் தர்மபுரியில் இருந்து ஓசூர் வரை நீண்டது. மாரண்டஹள்ளிப் பக்கம் ரெயில் சத்தம் கேட்டது அப்படித்தான்.

பிறகு இரண்டாம் உலகப் போர். வசூல் குறைந்த கிளைப் பாதைகளை நாடு முழுக்கப் பெயர்த்தார்கள். நம்ம பாதையும் போயிற்று.

பஞ்சம் ஒழிந்துவிட்டதா? இல்லை. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் மாண்டார்கள்.

எந்தக் கல்லா?

தீப்பிடிக்காத வருஷத்தில் தீயணைப்பு வண்டி நஷ்டம் என்று விற்றுவிடுவோமா? பஞ்ச ரெயிலும் அதே மாதிரிதான். ஆபத்துக்கு வைத்திருப்பது.

நல்ல காலத்திலும் லாபம் இல்லாமல் இல்லை. தக்காளி ஏற்றும் விவசாயிக்கு லாபம். சந்தை நாளில் கூட்டம் பார்க்கும் கடைக்காரருக்கு லாபம். வேலைக்குப் போய் வரும் குமாஸ்தாவுக்கு லாபம். ஆனால் அந்தக் காசு ரெயில்வே கல்லாவில் விழாது. அதனால் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம்!

1960-களின் கடைசியில் சேலம்–பெங்களூர் பாதை இந்த வழியாக வந்தது. மாரண்டஹள்ளிக்கு மறுபடி ஸ்டேஷன் கிடைத்தது. ஆனால் தர்மபுரி–மொரப்பூர் துண்டு விட்டது விட்டதுதான். வெறும் 36 கிலோமீட்டர். அதைத் திரும்பப் போட 2019 மார்ச்சில்தான் அடிக்கல் நாட்டினார்கள். மூடி 78 வருஷம் கழித்து!

ஊதாரிச் செலவையும் திருட்டையும் கேட்கத்தான் வேண்டும். அதில் தயவு வேண்டாம். ஆனால் "இந்த ரூட் பஸ் நஷ்டம், நிறுத்து" என்று யாராவது சொன்னால், பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: "நஷ்டம் சரி, நிறுத்தினால் ஆகும் செலவு யார் தலையில்?"