பழைய ஓட்டோவைத் திருத்துவதா, விடுவதா?

வன்னியிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வீடுகளுக்குச் சென்று வரும்போது ஒரு காட்சியை அடிக்கடி காண முடிகின்றது. வேப்பமரத்தின் கீழோ வீட்டுத்திட்ட வீட்டின் பக்கச் சுவரோடோ தறப்பாளால் மூடிய ஒரு வாகனம் நிற்கும். பெரும்பாலும் ஓட்டோ. சில வீடுகளில் மோட்டார் சைக்கிள் அல்லது லான்ட்மாஸ்டர். உள்ளே கோழி அடைகாத்திருக்கும். "இது ஓடுமா?" என்று கேட்டால், "திருத்தினால் ஓடும்" என்ற பதிலே வரும்.

அந்தத் "திருத்தினால்" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை ஆயிரம் ரூபா மறைந்திருக்கின்றது என்பதை வாகனம் வைத்திருக்கும் எமது சகோதரிகள் நன்கு அறிவார்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கு வாகனம் என்பது வெறும் தகரமும் இரும்பும் அல்ல. அது கணவர் ஓடிய வாகனம். பிள்ளைகள் "அப்பாவின்ர ஓட்டோ" என்று சொல்லும் வாகனம். ஆகவே இதனைக் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்கும்படி சொல்வது சிலருக்கு ஈரமற்ற பேச்சாகப் படலாம். ஆனால் கணக்குப் பாராமல் கடன்பட்டுத் திருத்திய வாகனம் கடைசியில் கடனுக்கே போய்ச் சேர்ந்த வீடுகள் உண்டு. நினைவும் போய், பணமும் போய் நிற்பதைவிட ஒருநாள் இருந்து எழுதிப் பார்ப்பது நல்லது.

கிளிநொச்சி மாவட்டத்தில் வசிக்கும் ஒரு சகோதரியின் கணக்கையே இங்கு எடுத்துக்கொள்வோம். ஊரையும் பெயரையும் தவிர்க்கின்றேன். இவரது கணவர் 2005இல், சமாதான காலத்தில், ஒரு டூ ஸ்ட்ரோக் பஜாஜ் ஓட்டோ வாங்கினார். இறுதி யுத்த காலத்தில் அது வவுனியாவில் தாயார் வீட்டில் நின்றதால் தப்பியது. கணவர் 2009இல் காணாமற்போனார். மீள்குடியேறிய பின்னர் இவர் தானே சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, அந்த ஓட்டோவில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, மகனைப் படிப்பித்தார். கடந்த வருடம் எஞ்சின் இழுக்க மறுத்தது. கராஜில் சொன்ன கணக்கு: எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் 80,000 ரூபா, அடித்தகரத்துக்கும் டிங்கர் வேலைக்கும் 85,000, டயர், வயரிங் என்று 30,000. மொத்தம் 195,000 ரூபா.

மைத்துனர் "வித்துப்போட்டு வேற அலுவலைப் பாருங்கோ" என்றார். மகன் விற்கக்கூடாது என்று நின்றான். கடன் கொடுக்கும் நிறுவனத்தின் உத்தியோகத்தர் வாரந்தோறும் அந்த ஒழுங்கைக்கு வருபவர்தான். அவரும் கேள்விப்பட்டு வந்துவிட்டார்.

போன காசும் வரும் காசும்

"போன வருசம்தான் நாற்பதாயிரம் செலவழிச்சனான், இப்ப எப்படி விடுறது?" என்பதே இந்தச் சகோதரி முதலில் சொன்ன நியாயம். அநேகமாக எல்லோரும் சொல்வதும் இதுதான். ஆனால் போன வருடம் செலவழித்த பணம் இன்று திருத்தினாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. எனவே அதனைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இனிமேல் போடும் பணம் எத்தனை மாதத்தில் திரும்பும், வாகனம் அத்தனை மாதம் தாங்குமா என்பவை மட்டுமே கேள்வி.

இவர் ஆறு பிள்ளைகளை ஏற்றுகின்றார். ஒரு பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபாப்படி 30,000 வருகின்றது. பெற்றோலுக்கும் அதில் கலக்கும் ஒயிலுக்கும் 11,000 போகின்றது. காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம், சில்லறைத் திருத்தம் ஆகியவற்றை மாதக் கணக்கில் பிரித்தால் 4,000. கையில் நிற்பது 15,000. அப்படியானால் 195,000 ரூபா திரும்ப 13 மாதம் வேண்டும். உண்மையில் இன்னும் கூட. ஏனெனில் பாடசாலை விடுமுறை மாதங்களில் பெற்றோர் முழுக்காசு தருவதில்லை. (பிள்ளைகளுக்கு விடுமுறை, ஏற்றுபவருக்குப் பட்டினி என்று ஒரு சகோதரி பகிடியாகச் சொல்வார்.) அந்தப் பதின்மூன்று மாதமும் வீட்டுக்கு ஒரு சதமும் எடுக்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. அது நடக்கிற காரியமா?

எஞ்சின் அல்ல, அடித்தகரம்

வாகனம் தாங்குமா என்பதை எமது பெண்கள் மெக்கானிக்கின் வாயால் மட்டுமே அறிகின்றார்கள். ஓரளவு தாங்களும் பார்த்து அறியலாம். இது பற்றி யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் கராஜ் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டபோது அவர் சுருக்கமாகச் சொன்னார்: "தங்கச்சி, எஞ்சின் களைச்சா மாத்தலாம். உடம்பு உக்கினா ஒண்டும் செய்யேலாது."

காரணம் இதுதான். எஞ்சினில் தேய்வது பிஸ்டன், ரிங், சிலிண்டர், பெயரிங் போன்ற தனித்தனிச் சாமான்கள். சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். அல்லது முழு எஞ்சினையே மாற்றலாம். ஆனால் ஓட்டோவின் உடம்பு மடித்து ஒட்டிய தகரத்தால் ஆனது. பாரத்தைத் தாங்குவதும் அந்தத் தகரமே. அது கறள் பிடித்து உக்கினால், மேலே ஒரு துண்டை ஒட்டி வர்ணம் பூசுவார்கள். வெளியே புதிதாகத் தெரியும், உள்ளே கறள் தொடர்ந்து தின்னும். கடற்காற்றுப் படும் முல்லைத்தீவு, வடமராட்சி போன்ற இடங்களில் இது இன்னும் வேகம்.

எனவே கராஜுக்குக் கொடுக்கு முன்னர் கால்விரிப்பைத் தூக்கிவிட்டு, ஒரு திருப்புளியால் அடித்தகரத்தைக் குத்திப் பாருங்கள். முன்சில்லின் தண்டு உடம்போடு சேரும் இடம், பின்சில்லுகளைத் தாங்கும் கைகள் பொருந்தும் இடம், சாரதி இருக்கையின் கீழ்ப்பகுதி ஆகிய மூன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். திருப்புளி உள்ளே இறங்கினால், பிள்ளைகளை ஏற்றும் வாகனமாக அதை இனி நினைக்கக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பணக் கணக்கு எப்படி வந்தாலும் சரி.

புகையும் ஒன்றைச் சொல்லும். போர் ஸ்ட்ரோக் எஞ்சின் நீலப்புகை விட்டால் ஒயில் எரிகின்றது, ரிங் தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அதிகமாகப் போகின்றது. அது பெரும்பாலும் கார்பரேட்டரைச் சரிசெய்யும் சிறிய வேலை அல்லது காற்று வடி அடைப்பு. அதற்கு எஞ்சினைக் கழற்றச் சொன்னால் இன்னொரு கராஜிலும் கேளுங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒயிலைப் பெற்றோலோடு கலந்தே எரிப்பதால் சிறிது புகை எப்போதும் இருக்கும். இந்த டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி 2008இலிருந்து தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆகவே இன்று ஓடும் எந்த டூ ஸ்ட்ரோக் ஓட்டோவும் அதற்கு முன்னர் வந்ததே. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறுவதும் வரவரக் கடினம்.

ஒஸ்ரினை ஓட்டிய ஊர்

இவ்விடத்தில் வயதானவர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். "நாங்கள் ஐம்பதாம் ஆண்டுக் காரையே நாற்பது வருசம் ஓட்டினனாங்கள்!" உண்மைதான். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியவை யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார்களாக ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அற்றுப்போனபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. சிறிய போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சில துளி கார்பரேட்டருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. பிரசவ வலியோடு எத்தனையோ தாய்மாரை வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்த்த கார்கள் அவை.

ஆனால் அவை ஏன் தாக்குப்பிடித்தன? தடித்த தகரம். அழுத்தம் குறைந்த, எளிமையான எஞ்சின். இல்லாத சாமானை உள்ளூர்ப் பட்டறையிலேயே கடைந்து எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு வாகனம் வர வழியே இருக்கவில்லை. வேறு வழியில்லாதபோது எந்தத் திருத்தமும் லாபமே. 2002இல் ஏ9 பாதை திறந்து தெற்கிலிருந்து வாகனங்களும் சாமான்களும் வரத் தொடங்கியதும் அந்தக் கணக்கு மாறியது.

அண்மையிலும் இவ்வாறு ஒரு மாற்றம் நடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. அந்த வருடங்களில் திருத்தியவர்கள் நட்டப்படவில்லை. ஆயினும் 2022இல் எரிபொருள் அட்டை வந்தபோது ஓட்டோவுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 5 லீற்றர். திருத்திய ஓட்டோவும் வாசலிலேயே நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. வரி அதிகம் என்பதால் புது வாகனம் எமக்கு எட்டாது. என்றாலும் பழையதை விற்க நினைப்பவர் நேற்றைய விலையை நம்பியிருக்கக்கூடாது. ஓட்டோ ஸ்டாண்டில் நிற்கும் இரண்டு மூன்று பேரிடம் இன்றைய விலையைக் கேளுங்கள். இப்போது இருக்கிறபடி என்ன விலை, திருத்திய பின் என்ன விலை என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் திருத்தச் செலவைவிடக் குறைவென்றால், விற்பதற்காகத் திருத்துவது வீண்.

கடன் எடுத்தால்

மேற்சொன்ன சகோதரிக்கு வந்த கடன் உத்தியோகத்தர் இரண்டு இலட்சம் தரலாம், இரண்டு வருடத்தில் கட்டலாம், வட்டி வருடத்துக்கு 24 வீதம் என்றார். கேட்க எளிதாகத்தான் இருக்கின்றது. ஆனால் அந்த வட்டி, கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு அல்ல, கடைசி மாதம் வரை முழு இரண்டு இலட்சத்துக்கும். இரண்டு வருட வட்டி 96,000. மொத்தம் 296,000. மாதம் ஏறத்தாழ 12,330 ரூபா. குறையும் மீதிக்குக் கணக்கிட்டால் இது வருடத்துக்கு 40 வீதத்துக்குக் கிட்ட வரும் வட்டி. ஓட்டோவில் மிஞ்சுவது 15,000. ஆக வீட்டுக்கு எஞ்சுவது மூவாயிரத்துக்கும் குறைவு. இடையில் ஒரு டயர் வெடித்தால் அதுவும் இல்லை.

நுண்கடன் எமது பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது புதிய கதையல்ல. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது. கடன் எடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. முழுத்தொகைக்கு வட்டியா, மீதிக்கு வட்டியா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிப் பாருங்கள். கிராமத்துச் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்கும் கேளுங்கள்.

புத்தகம் யாருடைய பெயரில்?

விற்பதென்றாலும் எமது பெண்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. வாகனத்தின் புத்தகம் கணவரின் பெயரில் இருக்கும். கணவர் இறந்து மரணச் சான்றிதழ் இருந்தால், உரித்தாளர் என்ற வகையில் பெயர் மாற்ற வழி உண்டு. தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பமாயின், திருமண காலத்தில் தேடிய தேட்டத்தில் மனைவிக்கும் பங்குண்டு, பிள்ளைகளுக்கும் பங்குண்டு. கையெழுத்திட முன்னர் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை பெறுவது பாதுகாப்பு. பெயர் மாற்றாமல் வெறும் கடதாசியில் எழுதி விற்பது பின்னர் விபத்து, வழக்கு என்று உங்கள் வாசலுக்கே வரும்.

காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழைத் தந்தது. இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்ளாமலேயே, அவருடைய சொத்துகளைப் பாதுகாக்கவும் தற்காலிகமாக நிருவகிக்கவும், சமூக உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் இதனைப் பயன்படுத்தலாம். நிருவகிப்பது வேறு, விற்பது வேறு என்பதால் விற்பனை பற்றித் தனியே சட்ட ஆலோசனை கேட்க வேண்டும். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் இது ஓர் இடைவழி. எனினும் இந்தக் கடதாசியைக்கூடத் தொடத் தயங்குபவர்கள் பலர். சமூகவியல் படித்த எங்களைப் போன்றவர்கள் அதனை "ஏற்க மறுத்தல்" என்று எழுதிவைப்போம். அவர்களுக்கு அது காத்திருத்தல்.

அந்தச் சகோதரி திருப்புளி எடுத்துத் தானே குத்திப் பார்த்தார். பின்சில்லின் கை பொருந்தும் இடத்தில் அது பிடி வரை இறங்கியது. கடன் உத்தியோகத்தரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அயலில் உள்ள ஒருவர் மாலையிலும் இரவிலும் மட்டுமே ஹயர் ஓடுபவர். அவருடைய போர் ஸ்ட்ரோக் ஓட்டோவைக் காலை ஆறு முதல் எட்டு வரையும் பாடசாலை விடும் நேரத்திலும் வாடகைக்கு எடுத்து, அதே ஆறு பிள்ளைகளை இப்போது ஏற்றுகின்றார். வாடகை போக மாதம் 9,000 ரூபா அளவில் மிஞ்சுகின்றது. முன்னரைவிடக் குறைவு. ஆனால் திருத்தச் செலவு வாகனக்காரருடையது, வாரக் கடன் இல்லை.

கணவரின் ஓட்டோவிலிருந்து பற்றறியையும் நல்ல நிலையில் இருந்த முன் டயரையும் கழற்றி விற்றார். மற்றதை விற்கவில்லை. விற்கவும் முடியாது, புத்தகம் இன்னும் அவர் பெயரில். காணாமற்போனமைச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தோம். அது அலுமாரியில் இருக்கின்றது. மாமியாரோடு கதைத்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கின்றார்.